வைஃபை போதும் என்றார் டிசைனர்

இன்டீரியர் டிசைனர் கொடுத்த மின்சார வரைபடத்தில் பிளக் பாயிண்ட், விளக்கு, ஏர்கான், மின்விசிறி எல்லாம் குறி போட்டுத் தெளிவாக இருந்தன. நெட்வொர்க் பாயிண்ட் ஒன்றே ஒன்று, வரவேற்பறையில் தொலைக்காட்சிக்குப் பின்னால். அதுவும் முந்தைய வீட்டுக்காரர் காலத்திலேயே ஃபைபர் வந்து நின்ற இடம் என்பதால். "இப்ப யாரு மேடம் கேபிள் போடுறாங்க? ரெண்டு மெஷ் வாங்கி வச்சா முடிஞ்சது. சுவரு கிளீனா இருக்கும்" என்றார். மெஷ் என்றால் வீட்டின் வெவ்வேறு மூலையில் வைத்து ஒரே வைஃபையைப் பரப்பும் பெட்டிகள்.

அவர் சொன்னதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். கணவன் மனைவி இருவர், ஆளுக்கொரு கைபேசி, ஒரு தொலைக்காட்சி, மூன்றறை வீடு என்றால் ஒரு நல்ல ரவுட்டரே தாராளம். கேபிள் இழுக்கும் காசுக்கு நல்ல மெத்தை வாங்கிக்கொள்ளலாம். எங்கள் வீட்டுக் கணக்கு வேறு. நான் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் ஐடி உதவிப் பிரிவில் இருக்கிறேன். "லைன் வரலை" என்று கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்வதுதான் என் பிழைப்பு. வாரத்தில் பாதி நாள் அந்தப் பதிலை வீட்டிலிருந்தே சொல்கிறேன். மகன் உயர்நிலை மூன்று. இரவானால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு யாரையாவது சுட்டுக்கொண்டிருப்பான். மகள் தொடக்கநிலை ஐந்து. வீட்டுப்பாடம் பாதி இணையத்தில்தான். அத்தை அறையில் தனித் தொலைக்காட்சி. மீவாட்ச் செயலியில் வசந்தம் ஒளிவழி, அது முடிந்தால் யூடியூபில் ஊர்க் கோயில் திருவிழா. என் கணவர் மட்டும் எதையும் கேட்பதில்லை. ஷிப்ட் முடிந்து வந்து தூங்கிவிடுவார்.

வீடு சிங்கப்பூரின் செங்காங்கில், 2001ல் கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், எச்டிபி) நான்கறை, மறுவிற்பனையில் வாங்கியது. ஏறக்குறைய 90 சதுர மீட்டர். காகிதத்தில் பார்த்தால் ஒரு ரவுட்டர் எட்டிவிடக்கூடிய பரப்புதான். ஆனால் 1997ல் குடிமைத் தற்காப்புக் காப்பிடச் சட்டம் வந்த பிறகு கட்டிய வீடுகளில் ஒரு விருந்தாளி உண்டு: பாம் ஷெல்டர், குண்டு விழுந்தால் பதுங்கிக்கொள்ளும் அறை. நாலு பக்கமும் கம்பி கட்டிய தடித்த கான்கிரீட், இரும்புக் கதவு. எங்கள் வீட்டில் அது வரவேற்பறைக்கும் சமையலறைக்கும் நடுவில் நிற்கிறது. அரிசி மூட்டை, சூட்கேஸ், தீபாவளி விளக்குப் பெட்டி எல்லாம் அதற்குள்தான். வரவேற்பறையில் நின்றால் சிக்னல் முழுசு. ஷெல்டரைச் சுற்றிக்கொண்டு சமையலறைக்குள் போனதும் கைபேசி வைஃபையை விட்டுத் தானாகவே 5ஜி மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடும். அடுப்படியில் நின்றபடி சமையல் குறிப்பு பார்க்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ரேடியோ அலையின் குணம் அது. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைக் கொஞ்சம் தாண்டிப் போகும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் அதிகம், தாண்டும் திறன் குறைவு. புதிதாக வந்திருக்கும் 6 கிகாஹெர்ட்ஸ் இன்னும் குறைவு. வேகம் கூடக் கூட எட்டும் தூரம் சுருங்கிக்கொண்டே போகிறது. பாத்ரூம் ஓடு, ஆளுயரக் கண்ணாடி பதித்த அலமாரி, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் தடுப்புச் சுவர்தான். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது வெள்ளிப் பூச்சு, அதுவும் உலோகம். டிசைனர் எங்கள் படுக்கையறைக்கு வரைந்திருந்தது சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி, அதுவும் ரவுட்டர் இருக்கும் பக்கத்துச் சுவரில்!

வீவக புளோக்கில் அக்கம்பக்கமும் உண்டு. வரவேற்பறையில் நின்று கைபேசியில் வைஃபை பட்டியலைத் திறந்தால் மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு என்று விரலால் தள்ளிக்கொண்டே போகலாம். வைஃபை அலை ஓடும் தடங்களுக்குச் சேனல் என்று பெயர். 2.4ல் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் என்று பார்த்தால் 1, 6, 11 மூன்றுதான். அத்தனை வீடும் அந்த மூன்றுக்குள் அடைந்து கிடக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் அதிகம், ஆனால் அதில் பாதிக்கு மேல் ரேடாருக்கு வழிவிட வேண்டிய சேனல்கள். ரேடார் சிக்னல் கேட்டால் ரவுட்டர் உடனே அந்தச் சேனலை விட்டு விலக வேண்டும்; அதே வகையில் வேறொன்றுக்குப் போவதானால் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்க வேண்டும். வேலைக் கூட்டத்தில் நான் திரையைப் பகிர்ந்துகொண்டிருக்கும்போது அந்த ஒரு நிமிடம் வந்தால், "அம்மா, லைன் போச்சு" என்று பக்கத்து அறையிலிருந்தும் சத்தம் வரும்.

மெஷ் விற்கிறவர்கள் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரு மெஷ் பெட்டி வரவேற்பறையில், இன்னொன்று கடைசி அறையில் என்று வைத்தால், அந்த இரண்டும் ஒன்றோடொன்று பேசுவதும் அதே காற்று வழியாகத்தான். காற்றில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். கைபேசியிடமிருந்து வாங்குவதும் அதை முதல் பெட்டிக்கு அனுப்புவதும் ஒரே ரேடியோ என்றால் வேகம் பாதியாகிவிடும். மூன்று ரேடியோ உள்ள பெட்டிகள் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவைக்கும். நன்றாகவே வேலை செய்யும், விலையும் அதற்கேற்ப. ஆனால் அந்த ரேடியோவும் ஷெல்டர் சுவரைத் தாண்டித்தானே ஆக வேண்டும்? இரண்டு பெட்டிக்கும் நடுவே ஒரு கேபிள் ஓடினால் இந்தப் பேச்சே இல்லை. ஆக, வைஃபை நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் எனக்குக் கேபிளே வேண்டியிருந்தது. இதை டிசைனருக்குப் புரியவைக்க ஒரு மாலை முழுக்க ஆனது.

பிறகு நாங்கள் போட்டது இந்தக் கணக்கு. இருந்த இடத்தைவிட்டு அசையாத சாமானுக்குக் கேபிள்: இரண்டு தொலைக்காட்சி, என் மேசை, மகனின் கணினி. அசைகிறதெல்லாம் வைஃபையில்: கைபேசி, மகளின் டேப்லெட், துடைக்கிற ரோபோ. வைஃபைக்கு ஒரு அக்சஸ் பாயிண்ட் (கேபிளில் வருவதை வைஃபையாகப் பரப்பும் பெட்டி) அறைகளுக்குப் போகும் நடைபாதைக் கூரையில், இன்னொன்று சமையலறைக் கூரையில். பவர் ஓவர் ஈதர்நெட் இருப்பதால் நெட்வொர்க் கேபிளே மின்சாரத்தையும் கொண்டுபோய்விடும், கூரையில் பிளக் வேண்டியதில்லை. அசையாத நாலும் காற்றைவிட்டு இறங்கிவிட்டால் மிச்சமுள்ளவற்றுக்கு வழி தாராளமாகிவிடுகிறது. மகன் கேட்டது வேகமே இல்லை. அவனுக்கு வேண்டியது விட்டு விட்டு வராத லைன். கேபிளின் பெரிய லாபம் அங்கேதான்.

கணக்கு காகிதத்தில் முடிந்தது. சுவர் என்ன சொல்லும் என்பது வேறு கதை.

காண்ட்ராக்டரிடம் வேலைசெய்ய வந்தவர்களில் வயரிங் பார்த்த தம்பி பட்டுக்கோட்டைப் பக்கம். முதல் நாளே சுத்தியல் கைப்பிடியால் சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டு வந்தார். "அக்கா, இது செங்கல், காடி வெட்டலாம். இது ஆர்சி, தொடக்கூடாது. வெட்டுனா எச்டிபி விடாது." ஆர்சி என்றால் கம்பி கட்டிய கான்கிரீட். அப்படிப்பட்ட தூண், உத்திரம், சுவர் எதிலும் குழாய் புதைக்கக் காடி வெட்டுவதற்கு வீவக அனுமதி கிடையாது, கட்டடமே அதன் மேல்தான் நிற்கிறது. ஷெல்டரைச் சொல்லவே வேண்டாம். எங்கள் வீட்டில் படுக்கையறைகளுக்குப் போகும் வழியில் பாதிச் சுவர் ஆர்சி.

வரவேற்பறையிலும் நடைபாதையிலும் சிக்கல் வரவில்லை. டிசைனர் ஏற்கெனவே விளக்குக்காகக் கூரையோரம் எல்-பாக்ஸ், அதாவது எல் வடிவில் பலகை அடித்த பெட்டி, வரைந்திருந்தார், அதற்குள் பைப் ஓடிவிட்டது. மின்சார வயர் போகும் பைப்பில் டேட்டா கேபிளைச் சேர்த்துவிட வேண்டாம் என்று நான் வாய் திறப்பதற்குள் தம்பியே, "கரண்டு பைப்புல இத விடக்கூடாதுக்கா, தனியா ஓட்டிடுறேன்" என்றார். அப்போதே பாதிக் கவலை போய்விட்டது.

எங்கள் படுக்கையறைதான் மாட்டிக்கொண்டது. அங்கேதான் என் வேலை மேசை. எல்-பாக்ஸ் அந்த அறைவரை வராது, வாசல் சுவர் ஆர்சி. சுவருக்கு மேலேயே கேபிளை மூடும் பிளாஸ்டிக் கேசிங் அடிப்பதா என்று நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது தம்பி கட்டில் போடும் மூலையில் குனிந்து, பழைய தொலைபேசி பாயிண்டின் மூடியைக் கழற்றினார். உள்ளே மெல்லிய தொலைபேசி வயர், அது ஓடுவது வீடு கட்டும்போதே கான்கிரீட்டுக்குள் வைத்து வார்த்த பைப்பில். வரவேற்பறையில் இருந்த தொலைபேசி பாயிண்டிலும் அதே வயரின் மறுமுனை. வீட்டுத் தொலைபேசியை யார் வைத்திருக்கிறார்கள் இப்போது? பழைய வயரின் ஒரு நுனியில் புதுக் கேபிளை டேப் சுற்றிக் கட்டி, இந்தப் பக்கம் ஒருவர் தள்ள, அந்தப் பக்கம் ஒருவர் மெதுவாக இழுக்க, பழையது வெளியே வந்தது, புதியது உள்ளே போய்விட்டது. கேபிளோடு ஒரு நைலான் கயிற்றையும் சேர்த்து விட்டுவைத்தார், நாளைக்கு வேறு கேபிள் இழுக்க வேண்டியிருந்தால் உதவும் என்று. ஒரு துளி சிமெண்ட் உதிரவில்லை. மறுவிற்பனை வீடு வாங்குகிறவர்கள் பழைய தொலைபேசி பாயிண்ட் அசிங்கமாக இருக்கிறது என்று பூசி மூடச் சொல்வதற்கு முன் உள்ளே பைப் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மகன் அறையில் தொலைபேசி பாயிண்டும் இல்லை, எல்-பாக்ஸும் இல்லை. வெள்ளைக் கேசிங்தான் ஒரே வழி: கதவு நிலைக்கு மேலே ஓடி, மூலையில் இறங்கி, மேசைக்குப் பின்னால் முடியும். டிசைனர் முகம் சுருங்கியது. "போட்டோவுல தெரியும் மேடம்" என்றார். யார் போட்டோ எடுக்கப்போகிறார்கள், அவன் அறையில் தரையே தெரியாது. சுவருக்கு அடித்த அதே வெள்ளைச் சாயத்தைக் கேசிங்கின் மேலும் ஒரு பூச்சு பூசச் சொன்னேன். அத்தை அறைக் கேபிள் அலமாரிக்குப் பின்னால் மறைந்துவிட்டது. ஆனால் அந்தத் தொலைக்காட்சிப் பெட்டியில் சிமிட்டும் பச்சை விளக்கு தூக்கத்தைக் கெடுக்கிறது என்று அத்தை அதன் மேல் துண்டைப் போட்டு மூடுகிறார். நான் எடுப்பேன், அவர் போடுவார். கடைசியில் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டினேன்.

கேபிள் எது என்பதில் காண்ட்ராக்டரோடு கொஞ்சம் இழுபறி. இப்போது எல்லாரும் 10 கிகாபிட் பேசுகிறார்கள். நாட்டின் ஃபைபர் கட்டமைப்பை அந்த வேகத்துக்கு மேம்படுத்த 100 மில்லியன் வெள்ளிவரை ஒதுக்குவதாக 2024ல் அரசாங்கம் அறிவித்ததிலிருந்து கடைத்தொகுதிக்குள் போனாலே அந்தத் திட்டத்துக்கு ஆள் பிடிக்க ஒருவர் நிற்கிறார். அதனால் கேட்6 ரகக் கேபிளுக்கு ஒரு படி மேலான கேட்6ஏதான் போட வேண்டும் என்றார் காண்ட்ராக்டர். கேட்6 கேபிளே 10 கிகாபிட்டை ஏறக்குறைய 55 மீட்டர்வரை தாங்கும். நான்கறை வீட்டில் மிக நீளமான ஓட்டம் அதில் பாதிகூட வராது. கேட்6ஏ தடிமன், வளைக்கச் சிரமம், அந்தப் பழைய தொலைபேசி பைப்பில் நுழைந்திருக்கவே செய்யாது. கேட்6 போதும் என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் சந்தாவும் 1 கிகாபிட்தான். வீட்டிலுள்ள கணினிகளின் போர்ட் அதற்குமேல் வாங்காதபோது அதிகம் கட்டி என்ன செய்ய?

பெயரைவிட உள்ளே என்ன உலோகம் என்பதுதான் முக்கியம். அலுமினியத்தின்மேல் செம்பு முலாம் பூசிய கேபிள் மலிவாகக் கிடைக்கிறது. அட்டையில் கேட்6 என்றே இருக்கும், தூக்கினால் லேசாக இருக்கும். மின்சாரத்தையும் சேர்த்து அனுப்பும்போது அது அதிகம் சூடாகும், முனையில் ஒடியவும் செய்யும். சரிபார்க்க எளிய வழி: கம்பியைக் கத்தியால் சுரண்டுங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். காண்ட்ராக்டர் கொண்டுவந்த முதல் பெட்டி வெள்ளையாகத்தான் தெரிந்தது. அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, சிம் லிம் டவரில் நானே ஒரு பெட்டி முழுச் செம்பு வாங்கிக் கொடுத்தேன். காண்ட்ராக்டருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

கூரை மூடுவதற்கு முன் எல்லாப் பாயிண்டையும் சோதித்தே ஆக வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றேன். அதற்குப் பலன் இருந்தது. சமையலறைக் கூரைக்குப் போன கேபிளில் லேப்டாப்பை மாட்டினால் லைன் வந்தது, விளக்கும் எரிந்தது, ஆனால் வேகம் 100 மெகாபிட்டில் நின்றுவிட்டது. கேபிளுக்குள் நாலு ஜோடி கம்பி. 100க்கு இரண்டு ஜோடி போதும், 1 கிகாபிட்டுக்கு நாலும் வேண்டும். ஒரு கம்பி சரியாக உட்காராவிட்டால் சாதனங்கள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும், "வேலை செய்யுதே" என்று எல்லாரும் போய்விடுவார்கள். தம்பி ஜாக்கைப் பிரித்து மறுபடி குத்தினார், சரியாகிவிட்டது. அடுத்த நாள் ஜிப்சம் பலகை ஏறியது. இரு முனையிலும் எந்த அறைக்கு எது என்று எழுதி ஒட்டியது என் மகள். கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால்.

ஃபைபர் பெட்டியைத் தொடவே இல்லை. அது கட்டமைப்பு நிறுவனத்தின் சொத்து. இடம் மாற்ற வேண்டுமானால் முறையாகக் கேட்டுக் கட்டணம் கட்டி மாற்றலாம், ஆனால் காண்ட்ராக்டர் கை வைக்கக்கூடாது. ஃபைபர் முடியளவு கண்ணாடி, மடித்தால் போச்சு. உடைக்கும் வேலை நடந்த நாட்களில் அதன் மேல் அட்டையும் பிளாஸ்டிக்கும் சுற்றி, "தொடாதே" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் சீன மொழியிலும் எழுதி வைத்தோம். எல்லாக் கேபிளும் வந்து சேர்வது அதன் பக்கத்தில், தொலைக்காட்சிக்குக் கீழே உள்ள அலமாரியில். அதன் கதவை மட்டும் சட்டம் சட்டமாக இடைவெளி விட்டுச் செய்யச் சொன்னேன். நம்மூர் வெக்கையில் ரவுட்டரையும், லைனைப் பல கேபிளுக்குப் பிரித்துக் கொடுக்கும் சுவிட்சையும் மூடிய பெட்டிக்குள் வைத்தால் சீக்கிரம் கெட்டுப்போகும்.

செலவு? பாயிண்டுக்கு 90 வெள்ளி வீதம் ஆறு பாயிண்ட், பிறகு கேபிள், சுவிட்ச், இரண்டு அக்சஸ் பாயிண்ட் எல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம். டிசைனர் சொன்ன மெஷ் செட்டைவிட அதிகம்தான். அந்தச் செட்டானாலும் இந்த அக்சஸ் பாயிண்டானாலும் நாலைந்து வருடத்தில் பழசாகிவிடும். வைஃபை 6 வாங்கி முடிப்பதற்குள் 2024ல் வைஃபை 7 வந்துவிட்டது. அவற்றை மாற்றிக்கொள்ளலாம், கழற்றி மாட்டுவதுதானே. பைப் மட்டும் அடுத்த ரெனவேஷன்வரை அங்கேயே இருக்கும். அதனால் பட்ஜெட்டைக் குறைக்கச் சொன்னபோது அக்சஸ் பாயிண்டில் ஒரு படி இறங்கினேன், பைப்பில் கை வைக்க விடவில்லை. மகளின் மேசைக்கு இப்போது கேபிள் கிடையாது. வெறும் பைப்பும் அதற்குள் ஒரு கயிறும் மட்டும் போட்டு, வெற்று மூடி மாட்டியிருக்கிறது. அவளுக்கு எப்போது கணினி வேண்டுமென்று தோன்றுகிறதோ அப்போது இழுத்துக்கொள்ளலாம்.

இப்போது என் மேசையில் கேபிளில் சோதித்தால் 940 மெகாபிட் வரை வருகிறது. 1 கிகாபிட் லைனில் அதற்குமேல் வராது, மிச்சம் தரவைக் கட்டி அனுப்பும் உறைக்கே போய்விடும். சமையலறையில் கைபேசி வைஃபையிலேயே நிற்கிறது. ஷெல்டருக்குள் மட்டும் கதவைச் சாத்தினால் ஒன்றும் கிடைக்காது. அரிசி எடுக்க எதற்கு இணையம்?

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் தங்கை. பொங்கோலில் அவளுக்குப் புது பிடிஓ (முன்பதிவு செய்தபின் வீவக கட்டித் தரும்) வீட்டின் சாவி வரப்போகிறது. புது வீடுகளில் வரவேற்பறைக்கும் படுக்கையறைகளுக்கும் டேட்டா பாயிண்ட் ஏற்கெனவே வந்துவிடுவதால் தனக்கு இந்தத் தொல்லையே இல்லை என்கிறாள். உண்மைதான், பாதி. அவள் வீட்டு வரைபடத்தில் அந்தக் கேபிள்கள் எல்லாம் வந்து கூடுவது முன்கதவுக்குப் பக்கத்தில் மின்பெட்டி இருக்கும் இடத்தில், ஃபைபரும் அங்கேதான். அதே இடத்தில்தான் அவளுடைய டிசைனர் கூரைவரைக்கும் செருப்பு அலமாரி வரைந்திருக்கிறார். அந்த அலமாரிக்குள் ரவுட்டருக்கும் சுவிட்சுக்கும் ஒரு தட்டு, இரண்டு பிளக் பாயிண்ட், காற்றுப் போக வழி, கேபிள் வெளியே வர ஓட்டை, இந்த நாலும் தச்சர் அளவெடுப்பதற்கு முன் வரைபடத்தில் ஏற வேண்டும். இன்றைக்கே அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன். செருப்புக்கு இடம் குறைந்துவிடும் என்று அவள் வீட்டுக்காரர் யோசிக்கிறாராம்.